டப்பா திறந்திருக்கு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் வாயிலிருந்து வந்தது. ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இன்னொரு பையைக் காலால் தள்ளிக்கொண்டு என் வீட்டுக்குள் நுழைந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்:

"அந்த மனுஷனுக்கு நெஞ்சுல ஈரமே இல்லடி."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. ஆனால் நீங்களே சொல்லுங்கள். அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், குளிர்கிடங்குகளில் கம்ப்ரஸர் பழுதுபார்க்கும் மெக்கானிக். கம்ப்ரஸரில் ஊற்றும் எண்ணெயில் ஈரம் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் அவருடைய பிழைப்பு. அப்படிப்பட்டவரிடம் ஈரமில்லை என்று ஒருத்தி சொன்னால் அது புகாரா, நற்சான்றிதழா?

அக்கா சிரிக்கவில்லை. நேராக என் அறைக்குள் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய கட்டில். நான் கூடத்து சோபாவில் காலை மடக்கிக்கொண்டு படுக்கிறேன். ஆகவே இந்தக் கதை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதில் எனக்குச் சொந்த ஆதாயம் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. எனக்கு முதுகு வலிக்கிறது.

2

தொடக்கம், முதல் முயற்சி:

எண்ணெய்க்கு ஒரு தாகம் உண்டு. அது காற்றிலிருந்து—

(வேண்டாம். அத்தான் படித்தால், "எண்ணெய்க்குத் தாகமா? யாரும்மா சொன்னது?" என்று கேட்பார். உண்மையான வருத்தத்தோடு கேட்பார். அதுதான் தாங்காது.)

இரண்டாவது முயற்சி:

ஈரத்தைத் துரத்தித் துரத்தியே ஈரமற்றுப்போன ஒரு மனி—

(இதையும் விட்டுவிட்டேன். இந்தச் சொல் விளையாட்டு என் கையில் வந்து விழுந்தது என்பதற்காகவே அதை எடுத்து ஆட வேண்டுமா? இங்கேயே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இனிமேல் இந்தக் கதையில் ஈரம் என்று வந்தால் தண்ணீர் என்று மட்டுமே பொருள். நெஞ்சு சம்பந்தப்பட்ட ஈரத்துக்கு அனுமதி இல்லை.)

மூன்றாவது முயற்சி, எப்போதோ ஒரு விருந்தில் அத்தான் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுவது. விருந்தில் எல்லாரும் எழுந்து போனபிறகும் அவர் பேசிக்கொண்டிருந்தார்.

"இப்ப வர்ற எண்ணெய் பழைய எண்ணெய் மாதிரி இல்லம்மா. டப்பாவைத் திறந்தா போதும், காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்ச ஆரம்பிச்சுடும். கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எண்ணெய் எண்ணெய் மாதிரியேதான் இருக்கும். மெஷினுக்குள்ள போனப்புறம்தான் அதோட வேலையைக் காட்டும். ஆசிட் ஆகும், அரிக்கும், ஒரு நாள் கம்ப்ரஸர் பொசுக்குனு நின்னுடும். அதனால திறந்தா ஊத்தணும், ஊத்தினா மூடணும். நடுவுல பேச்சு கிடையாது."

"பம்ப் போட்டு ஈரத்தை இழுத்துட முடியாதா அத்தான்?"

"குழாய்ல நிக்கற ஈரத்தை இழுக்கலாம். எண்ணெய்க்குள்ள போனது வராது. அதைக் கொட்டிட்டு வேறதான் ஊத்தணும்."

இன்னொன்றும் சொன்னார். குழாயில் ஓரிடத்தில் சின்னதாக ஒரு வட்டக் கண்ணாடி பதித்திருக்கும். அதன் நடுவே ஒரு புள்ளி. உள்ளே எல்லாம் உலர்ந்திருந்தால் அது பச்சையாக இருக்கும், ஈரம் சேர்ந்தால் மஞ்சளாகிவிடும். அத்தான் அதைப் பொட்டு என்பார். தான் பார்க்கும் மெஷின்களில் பொட்டு ஒருநாளும் மஞ்சளானதில்லை என்று சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் தாழ்ந்தது. பெருமைக்காரர்கள் குரலை உயர்த்துவார்கள். இவர் தாழ்த்துவார்.

3

"டப்பா திறந்திருக்கு, அப்புறம் பேசறேன்."

வேலை நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அத்தான் இதைத்தான் சொல்வார். எங்கள் குடும்பத்தில் இது ஒரு வசனமாகவே ஆகிவிட்டது. பேச்சைத் தட்டிக்கழிக்க நினைப்பவர்கள் எல்லாரும் இதைச் சொல்லுவோம். எப்போது கல்யாணம் என்று சித்தி என்னைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு டப்பா திறந்திருக்கும்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். உப்போ சர்க்கரையோ காபித்தூளோ, எது கண்ணில் பட்டாலும் மூடியை ஒரு திருகு கூடுதலாகத் திருகிவிட்டுத்தான் நகர்வார். அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றும்வரை அக்கா டப்பாவோடு மல்லுக்கட்டுவாள். "இந்த வீட்டுல ஒரு வாய் காபி குடிக்கணும்னா ஸ்பேனர் வேணும்" என்பாள். என் வீட்டுக்கு வந்ததும் அவள் செய்த முதல் காரியம், என் சமையலறையில் இருந்த டப்பாக்களை எல்லாம் ஒன்று விடாமல் திறந்து போட்டதுதான். சர்க்கரை கட்டிதட்டிப் போனது. கோபம் அவர்மேல், தண்டனை என் சர்க்கரைக்கு.*

* அக்கா பள்ளிக்கூட டீச்சர் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் எழுதும்போது பின்னால் வந்து நின்று படிக்கிறாள். "மல்லுகட்டுவாள்" என்று எழுதியிருந்தேன், நடுவே ஒரு 'க்' வேண்டும் என்று முதுகில் விரலால் குத்தினாள். வலிக்கும் முதுகில்.

4

இனிச் சண்டையைச் சொல்ல வேண்டும்.

அக்காவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. டாக்டர் ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பதறாதீர்கள், முடிவு வந்துவிட்டது. அது வெறும் கட்டி, பயப்பட ஒன்றுமே இல்லை. இந்தக் கதையில் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. அதை ஒளித்துவைத்து உங்களைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போக எனக்கு மனசில்லை, தவிர அக்கா பின்னால் நிற்கிறாள்.

முடிவு வாங்கப் போன அன்று காலையில் அத்தான், "நானும் வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க, வேலையைப் பாருங்க" என்று சொன்னது அக்காதான். (இதை எழுதும்போது பின்னால் ஒரு கனைப்புச் சத்தம். எழுதத்தான் எழுதுவேன்.) டாக்டர் ஒன்றுமில்லை என்று சொன்னதும் அக்கா அறையைவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவின் சுவரில் சாய்ந்துகொண்டு, முதலில் அவரைத்தான் கூப்பிட்டாள். கால் இரண்டும் நடுங்கினவாம். சந்தோஷத்தில் இப்படி நடுங்கும் என்று அவளுக்கே அதுவரை தெரியாதாம்.

"'என்னங்க'ன்னேன். அவ்வளவுதான்டி சொன்னேன். 'டப்பா திறந்திருக்கு, அப்புறம் பேசறேன்'னு வெச்சுட்டாரு."

"மறந்திருப்பாரு, அக்கா."

"காலைல கூட வரட்டுமான்னு கேட்டவருக்கு மத்தியானம் மறந்துடுமா?"

சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அக்கா அடுக்களையில் நின்றாள், கூடத்தில் நின்றாள், அவர் எதிரிலேயே போய் நின்றாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். அக்கா பையை எடுத்தாள்.

"தடுக்கலையா?"

"எங்கன்னு கேட்டாரு. தங்கச்சி வீட்டுக்குன்னேன். உள்ள போயி ஒரு தண்ணி பாட்டிலை ரொப்பி, மூடியை நல்லா இறுக்கிக் குடுத்தாருடி. பஸ்ல வர்ற வரைக்கும் தாகம். அதைத் திறக்கவே முடியல."

இதைச் சொன்னபோதுதான் அவள் அழுதாள். அழுதுகொண்டே எனக்கு ஒரு சட்டமும் போட்டாள். "அவரே வாயைத் திறந்து கேக்கணும். நடுவுல நீ போயி ரிசல்ட்டைச் சொன்னே, உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, ஆமா."

இதுதான் இப்போதைய நிலைமை. தன் மனைவிக்கு என்னவென்று தெரியாமல் ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். அவர் கேட்கட்டும் என்று ஒருத்தி இங்கே இருக்கிறாள். நடுவில் நான் சோபாவில் இருக்கிறேன்.

5

இங்கே எனக்கு என் கதாநாயகர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. கல்நெஞ்சக்காரர் என்று எழுத உட்கார்ந்தால் அந்தத் தண்ணி பாட்டில் வந்து குறுக்கே நிற்கிறது.

"அவரை வில்லனாப் போடு" என்றாள் அக்கா.

"வில்லன் தண்ணி ரொப்பிக் குடுப்பானா?"

"மூடியை இறுக்கிக் குடுப்பான்."

"சரி, முடிவு எப்படி வேணும்?"

அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள். "மழை பெய்யணும். அவர் நம்ம வாசல்ல வந்து நிக்கணும். கையில குடை இருக்கக் கூடாது. தொப்பல் தொப்பலா நனையணும்."

"நனைஞ்சு?"

"நனைஞ்சுக்கிட்டே கேக்கணும், உனக்கு என்ன ஆச்சுன்னு."

"நீ கதவைத் திறப்பியா?"

"அதை அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அவர் நனையட்டும்."

வாழ்நாள் முழுக்க ஈரத்தை அண்டவிடாத மனிதரைத் தெருவில் நிறுத்தி நனைக்க வேண்டும் என்கிறாள். இலக்கியரீதியாக மோசமில்லை. ஆனால் வெயில் கொளுத்துகிறது, நான் மழைக்கு எங்கே போவேன்?*

* மழை கதையில்தானே, வெயில் அடித்தால் உனக்கு என்ன என்று கேட்காதீர்கள். அக்காவுக்கு நிஜ மழை வேண்டும்.

6

அக்கா குளிக்கப் போயிருக்கிறாள். அவள் குளித்தால் ஊரே குளித்த மாதிரி நேரமாகும். அதற்குள் இந்தப் பகுதியை எழுதிவிட வேண்டும்.

நேற்று பேங்குக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு அத்தான் வேலை செய்யும் குளிர்கிடங்குக்குப் போனேன். கதைக்குத் தகவல் சேகரிக்க என்று எனக்கு நானே ஒரு பொய் சொல்லிக்கொண்டேன். வாசலிலேயே கிடங்குக்காரர் பிடித்துக்கொண்டார்.

"உங்க அத்தானுக்கு என்னம்மா ஆச்சு? அந்த மெஷினோடயே கெடக்குறாரு. கேரட்டை எல்லாம் பக்கத்து ரூமுக்கு மாத்தி அடுக்கியிருக்கேன். இன்னும் ரெண்டு மூட்டை வந்தா நான்தான் வெளிய நிக்கணும்."

மெஷின் அறையில் அத்தான் தரையில் உட்கார்ந்திருந்தார். கம்ப்ரஸர் ஓடவில்லை. பக்கத்தில் பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. குழாயில் இருந்த கண்ணாடியைக் குனிந்து பார்த்தேன்.

பொட்டு மஞ்சளாக இருந்தது.

"என்ன அத்தான் இது?"

"ஈரம் ஏறிடுச்சு."

"எப்படி ஏறிச்சு?"

"நான்தான் ஏத்தினேன்." ஒரு துணியால் கையைத் துடைத்தார். கையில் அழுக்கு எதுவும் இல்லை. "எண்ணெயை மாத்திட்டேன். ஈரத்தை உறிஞ்சற டிரையரையும் மாத்திட்டேன். மூலை முடுக்குல ஒட்டிக்கிட்டு இருக்கறது விடமாட்டேங்குது. திரும்ப மாத்தணும்."

நான் ஒரு காலிக் கேரட் பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"அவ சாப்பிடறாளா?"

"நல்லா சாப்பிடறா."

அவர் முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது. "கஷ்டம்னாதான் அவ நல்லா சாப்பிடுவா."

உண்மைதான். நானும் பார்த்திருக்கிறேன்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார்.

"தெரியும் அத்தான்."

"சொல்லிடாதே. அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. உன் முகத்துல எல்லாம் தெரிஞ்சுடும்."

திரும்பி உட்கார்ந்தேன். என் எதிரே சுவர் இருந்தது, சுவரில் ஒரு சுவிட்ச் இருந்தது. நான் இதுவரை எழுதிய எந்தப் பாத்திரமும் என்னை இப்படி மூலையில் திருப்பி உட்கார வைத்ததில்லை. பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"அன்னிக்கு டப்பா திறக்கவே இல்லம்மா."

"என்ன?"

"சீல்கூட உடைக்கல. பெஞ்சு மேல இருந்துச்சு. போன்ல அவ பேரு வந்துச்சு. எடுத்தேன். 'என்னங்க'ன்னா. எப்பவும் அந்த 'என்னங்க'லயே எனக்கு விஷயம் தெரிஞ்சுடும். கோவமா, அசதியா, கேஸ் தீந்துடுச்சா, எல்லாம் தெரியும். அன்னிக்கு ஒண்ணும் புடிபடல. அவ குரல் நடுங்குச்சு. அடுத்த வார்த்தை வர்றதுக்குள்ள என் வாய் தானா சொல்லிடுச்சு, டப்பா திறந்திருக்குன்னு."

பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"அவகிட்ட நான் பொய் சொன்னதே இல்ல. சொன்னது பொய்யாயிடக் கூடாதேன்னு டப்பாவை எடுத்துத் திறந்தேன். திறந்து மடியில வெச்சுக்கிட்டு உக்காந்தேன். எவ்ளோ நேரம் உக்காந்தேன்னு தெரியல. அப்புறம் கிடங்குக்காரர் வந்து கூப்பிட்டாரு. என்ன பண்றோம்னே தெரியாம அப்படியே எடுத்து உள்ள ஊத்திட்டேன்."

"வீட்டுக்குப் போயாவது கேட்டிருக்கலாமே?"

"கேட்டா சொல்லிடுவாளே."

ஒரே ஒரு வார்த்தை போதும், அந்த மனிதர் தரையிலிருந்து எழுந்துவிடுவார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அது என் வார்த்தை இல்லை. வராந்தாவில் நடுங்கிக்கொண்டு நின்றவளின் வார்த்தை. அதை நான் எடுத்துச் சொன்னால் அவள் கையிலிருந்து திருடியது போலத்தான். சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொன்னதை அவகிட்ட சொல்லிடாதே" என்றார்.

"எதை?"

"டப்பா மூடியிருந்ததை. ஈரமில்லாதவன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். பொண்டாட்டி குரலுக்குப் பயந்து போனை வெச்சான்னு தெரிய வேணாம்."

(ஈரம் பற்றிய வாக்கை மீறியது நான் இல்லை, அவர். நான் பொட்டைப் பற்றி மட்டுமே எழுதினேன்.)

ஆக, என் கதாநாயகர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பயந்துபோனவர். இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவு எழுதுவது?

7

முடிவு, ஒன்று: மழை. அக்கா கேட்டபடி. (ஆகாது. அவர் வரமாட்டார். வந்தால் தெரிந்துவிடுமே.)

முடிவு, இரண்டு: அத்தான் எண்ணெயை மறுபடி மாற்றுகிறார், பொட்டு பச்சையாகிறது, அதே நொடியில் இங்கே அக்காவின் மனமும்— (சே. இதை எழுதிய விரலை உடைக்க வேண்டும்.)

முடிவு, மூன்று: தங்கை இருவரையும் ஒரு ஹோட்டலுக்கு வரச்சொல்லி— (தங்கைக்கு அவ்வளவு சாமர்த்தியம் இருந்தால் அவள் ஏன் சோபாவில் படுக்கிறாள்?)

இருவரும் என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருக்கிறார்கள். அவள் சொன்னதை அவரிடம் சொல்லக் கூடாது, அவர் சொன்னதை அவளிடம் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. எழுதினேன், அவ்வளவுதான். எழுதக் கூடாது என்று இருவரும் சொல்லவில்லை.

வழக்கமாக நான் கதைகளை அத்தான் எண்ணெயைக் கையாளுவது போலத்தான் கையாளுவேன். திறந்தால் முடித்துவிடுவேன், முடித்தால் மூடிவிடுவேன், நடுவில் ஒருவருக்கும் நானாகக் காட்டமாட்டேன். அக்கா பின்னால் வந்து நின்று படிப்பது வேறு, அது நான் காட்டியது இல்லை. இன்று முதல்முறையாக—

குளியலறையில் தண்ணீர் நின்றுவிட்டது.

அக்கா தலையில் துண்டோடு வருகிறாள். "எழுதி முடிச்சுட்டியா? மழை வந்துடுச்சா?" என்கிறாள்.

நான் எழுந்துகொள்கிறேன். காபி போடுகிறேன் என்று சொல்லப்போகிறேன். திரையை மூடப்போவதில்லை.

8

இது காபிக்குப் பிறகு எழுதுவது. காபிக்குப் பிறகு என்பது தவறு, காபி போட முடியவில்லை.

அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் காபித்தூள் டப்பாவை எடுத்தேன். திறக்கவில்லை. துணியைச் சுற்றித் திருகினேன், திறக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன். யாரோ ஒரு திருகு கூடுதலாகத் திருகியிருந்தார்கள். சர்க்கரையைப் பார்த்தேன், அதுவும் அப்படியே. உப்பும். வந்த அன்று எல்லாவற்றையும் திறந்து போட்டவள் எப்போது இவற்றை மூடினாள் என்று எனக்குத் தெரியாது. இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான் இருக்கிறோம், நான் அவ்வளவு பலசாலி இல்லை.

"அக்கா, இதைத் திறந்து குடு" என்று கூப்பிட வாயெடுத்தேன். கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

அவள் படிக்க உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் கொதித்து வற்ற ஆரம்பித்தது. நடுவே ஒருமுறை மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்குப் பிறகு விசைப்பலகையில் சில தட்டல்கள். திருத்துகிறாள். உலகமே இடிந்து விழுந்தாலும் அக்கா எழுத்துப்பிழையைத் திருத்தாமல் நகரமாட்டாள்.

நான் டப்பாவோடு கூடத்துக்கு வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. திரையில் என் கதை இருந்தது. என்ன திருத்தினாள் என்று மேலிருந்து தேடிப் பார்த்தேன். ஒரே ஒரு இடம்தான். ஆறாம் பகுதியின் கடைசியில் நான் "கோழை" என்று எழுதியிருந்தேன். நீங்களும் மேலே போய்ப் பார்க்கலாம், அந்த வார்த்தை இப்போது அங்கே இல்லை. "பயந்துபோனவர்" என்று இருக்கிறது. அது என் எழுத்து இல்லை.

நான் அதை மாற்றவில்லை.

அக்கா பால்கனியில் நின்றிருந்தாள். ஈரத் துண்டு தோளில் கிடந்தது, போன் காதில் இருந்தது. வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் மணி அடிக்கிறது என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது. அவர் எடுக்கவில்லை, எடுக்கவில்லை, எடுத்துவிட்டார்.

"என்னங்க" என்றாள்.

நானும் எத்தனையோ வருடங்களாக அவள் சொல்லும் "என்னங்க"வைக் கேட்டிருக்கிறேன். இதைக் கேட்டதில்லை. இதில் எல்லாமே இருந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அவருக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு யார் முதலில் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மழை வேண்டும் என்றால் மழை வையுங்கள், அக்கா ஆட்சேபிக்கமாட்டாள்.

நான் சமையலறையில் நிற்கிறேன். டப்பா இன்னும் திறக்கவில்லை.